மாப்பிள்ளைக்குப் புது ரேக்

வாரும் மாப்ள, இப்பிடி வேப்பமரத்து நெழல்ல உக்காரும். நீரு வாரதுக்கு முந்தியே உம்ம எஸ்டீம் காரோட முனங்கல் இளையரசனேந்தல் ரோட்டுல வந்துட்டு.

ஸ்டீயரிங் ரேக்கைப் புதுசா மாத்தணும்னுட்டாகளா? மாத்திப் போடும். அந்த வண்டி செய்யிறதை 2007லயே நிப்பாட்டியாச்சு. மதுரையில பழைய சாமான் கடைக்காரன் உம்ம மாதிரி ஆளுக்காகவே ஒண்ணைத் தொடச்சு வச்சிருப்பான். உளுந்து வித்த ரூவாயும் பையில கனக்குமில்ல!

கெழவனுக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமுன்ன வண்டி முனங்குச்சா? இல்லையா? பவர் ஸ்டீயரிங் பைப்புல ஆயில் ஒழுகுதுன்னு பைப்பை மாத்தப் போனீரு. ஒழுக்கு நின்னுச்சு, முனங்கலும் ஸ்டீயரிங் கனமும் வந்துச்சு. அப்ப ரேக் என்னய்யா பாவம் பண்ணிச்சு? ஸ்பேனர் பட்ட எடத்தை விட்டுட்டு, படாத எடத்தைக் கழத்தச் சொன்னவன் கெட்டிக்காரன்தான்.

பானெட்டைத் தெறந்து ஆயில் டப்பாவை எட்டிப் பாத்தீரா? உள்ள பாலு பொங்குத மாதிரி நுரை கெட்டி நிக்கும். வேற ஒண்ணுமில்ல, காத்து. ஆயிலை அமுக்குனா அமுங்காது, காத்து அமுங்கிரும். பம்பு குடுக்குத அழுத்தத்தைக் காத்தே தின்னுட்டா ரேக்குக்கு என்ன போயிச் சேரும்? முன்சக்கரம் ரெண்டையும் தூக்கி, ஸ்டாண்டு குடுத்து நிறுத்தும். இஞ்சினைப் போடாதேயும், அவசரக்குடுக்கை! டப்பாவை நெறச்சுட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெள்ளத் திருப்பும். ஆயில் எறங்க எறங்க ஊத்தும். குமிழி அடங்குனபெறகு இஞ்சினைப் போட்டு இன்னொருக்காத் திருப்பும். கடைசியில கொண்டுபோயி அப்பிடியே முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னீருன்னா ஆயில் கொதிச்சுரும், பம்பு உம்ம மேல கேஸ் போட்டுரும்.

திருப்பத் திருப்பவே கோளாறு எங்கன்னு தெரிஞ்சுரும்: ஒரேயடியா எறுக்கமா இருந்தா, அதுவும் இஞ்சினைப் போடாம சக்கரம் அந்தரத்துல நிக்கையிலயே எறுக்கமா இருந்தா, ஆயில் மேல குத்தமில்ல. ஸ்டீயரிங் காலம் ஜாயிண்டோ பால் ஜாயிண்டோ பிடிச்சிருக்கு.

எல்லாஞ் செஞ்சும் மறுநாள் நுரை வருதா? டப்பாவுல இருந்து பம்புக்குப் போற ரப்பர் ஹோஸ் இருக்குல்லா, அதோட கிளாம்பைப் பாரும். அது உறிஞ்சுத பக்கம். கீழ ஒரு சொட்டு விழாம காத்தை மட்டும் இழுத்துக்கிட்டு யோக்கியன் கணக்கா நிக்கும். ஒழுகலைன்னா ஓட்டை இல்லைன்னு நெனைக்குத மெக்கானிக்கு இதைக் காலத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டான். டப்பாவுல என்ன ஊத்துனான்னும் கேளும். பிரேக் ஆயிலை ஊத்திட்டாம்னா சீலெல்லாம் உப்பிப் போகும். அப்ப ரேக் கடைக்காரனுக்கு நெசமாவே யோகந்தான்.

பெல்ட்டு வேற இருக்கு. வண்டியை முழுசா ஒடிக்கையில கீச்சுன்னு கத்துனா அது தளர்ந்து கெடக்குன்னு அர்த்தம். அமெரிக்காவுல பிரான்சிஸ் டேவிஸ்னு ஒரு இஞ்சினியரு 1926லயே பவர் ஸ்டீயரிங் செஞ்சு ஓட்டிக் காட்டுனாரு. விக்கிற காருல அது வந்துசேர 1951 ஆயிட்டு. நம்ம விராலிமலையிலயே இப்ப ரானே கம்பெனி செய்யுதாக. இம்புட்டு நடந்தும் உம்ம பம்பு சுத்துறதுக்கு ஒரு பெல்ட்டைத்தான நம்பி நிக்கு! அம்பாசடர் காலத்துல அந்தத் தொல்லை இல்ல. கயத்தாத்துச் சந்து முக்குல வண்டியைத் திருப்புனவன் புஜத்தைப் பாத்தே பொண்ணு குடுத்தாக.

போன ஐப்பசி மழையில ஸ்டீயரிங் நடுங்குதுன்னு ஒருத்தன் அழுதான். நாலாட்டின்புத்தூர் தாண்டி வேகம் எடுத்தா உதறுதாம். ரிம்முக்குள்ள கையை விட்டா, காட்டுல இருந்து கொண்டுவந்த கரிசல் ஒருபக்கமா அப்பிக் காய்ஞ்சு கெடக்கு. சுரண்டி எறிஞ்சோம், தீந்துச்சு. அதுக்கும் ரேக் விலை விசாரிச்சு வச்சிருந்தான்!

ரேக்கு உத்தமன்னு நான் சாட்சி சொல்லல. ஒருபக்கம் லேசு, மறுபக்கம் கனம்னாலோ, அதோட ரப்பர் பூட்டுக்குள்ள ஆயில் தேங்குனாலோ, தாராளமாச் சந்தேகப்படும்.

என்ன எந்திரிச்சிட்டீரு? கிளாம்பு வாங்கவா? மிச்ச ரூவாயில அப்பிடியே பஜார்ல கடலைமிட்டாய் ஒரு கிலோ வாங்கியாரும். மாமனுக்குப் பல்லு இல்லைன்னு அதையும் மிச்சம் பிடிச்சுராதேயும், நுணுக்கித் திம்பேன்.