விவசாயி ஆகுததுக்கு வழி

ஏலே பேராண்டி, நீ வேலைய விட்டுட்டு விவசாயி ஆகப்போறியாம்ல? உங்க அப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுதான். நல்ல காரியந்தான். ஆனா மம்பட்டியத் தூக்கிக்கிட்டு நேரா காட்டுக்குப் போயிராத. அப்படிப் போனவன் ஒருத்தனையும் அரசாங்கம் விவசாயின்னு சொன்னதில்ல.

விவசாயிக்குப் பணம் போடுத பிஎம் கிசான் திட்டத்துக்காரங்களைக் கேளு, சொல்லுவாங்க. பட்டாவுல பேரு இருந்தாத்தான் விவசாயி. அதுவும் 2019 பிப்ரவரி 1-ஆம் தேதியிலயே இருந்திருக்கணும். அதுக்குப் பெறகு நீ காசு குடுத்து வாங்குன காடு சேராது. பெரியாளு செத்து வாரிசா வந்தது மட்டும் சேரும். அதுக்காக என் கஞ்சியில எதையும் கலந்துராத.

வருசத்துக்கு 6,000 ரூபா. நாலு மாசத்துக்கு ஒருக்கா 2,000. நாள் கணக்குக்கு 16 ரூபா சொச்சம் வருது. டீக்கு ஆச்சு, வடைக்கு நீதான் பாத்துக்கிடணும்.

நம்ம மேலக்காட்டைப் பாரேன். குத்தகைக்குப் புடிச்சு மக்காச்சோளம் போடுதது ஒருத்தன். படைப்புழுவுக்கு மருந்தடிக்கதும் அவன்தான், பன்னி விரட்ட ராத்திரி பூரா தகரத்தத் தட்டிக்கிட்டுக் கெடக்கதும் அவன்தான். ரூபா ஏறுன சத்தம் மட்டும் மெட்ராஸ்ல பட்டாக்காரர் போன்ல கேக்கும். வருமான வரி கட்டுனவருக்குக் கெடையாது, மாசம் 10,000-மோ அதுக்கு மேலயோ பென்சன் வாங்குதவருக்கும் கெடையாதுன்னு சட்டம் இருக்கத்தான் செய்யுது. இவரு ரெண்டுலயும் சிக்காத மனுசன். பாவம், தீபாவளிக்கு வந்தா வரப்புல நடக்கவே பயப்படுவாரு.

உங்க ஆச்சி கதை தெரியுமால்ல? அவ அய்யா குடுத்த ரெண்டு குறுக்கம் அவ பேருலதான் இருக்கு. அந்தப் பணத்துக்காக கம்ப்யூட்டர் சென்டர்ல ரேகை வைக்கப் போனா. களை வெட்டி, பருத்தி எடுத்து, வெரல்ல ஒரு கோடு பாக்கியில்ல. வச்சா செவப்பு லைட்டு. சேலையில தொடச்சிட்டு வையுங்கான், எண்ணெயத் தடவிட்டு வையுங்கான், ஒண்ணும் பலிக்கல. பின்னால நின்னாரு ஒரு வெள்ளை வேட்டி. மண்ணத் தொட்டே அறியாத வெரலு. தொட்டாரு, பச்சை! மெசினுக்கு மட்டும் தெரியுதுலே யாரு விவசாயின்னு. இப்ப செல்லுல மூஞ்சியக் காட்டுனாலே போதும்னு வந்துருச்சு. அதனால ஆச்சி பவுடர் போட்டுக்கிட்டுப் போறா.

காடே இல்லாம விவசாயி ஆகவும் ஒரு வழி இருந்துச்சு. 2020-ல, கொரோனா நேரம். வடக்க கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மழை பேயாமலே விவசாயி மொளைச்சான். மாநிலம் பூரா 5 லட்சத்துக்கு மேல தகுதியில்லாத பேரை இந்தத் திட்டத்துல சேத்துட்டாங்க. 110 கோடி ரூபா போச்சுன்னு அரசாங்கமே சொல்லிச்சு. ஆபீசு பாஸ்வேர்டு வெளி ஆளு கைக்குப் போயிருக்கு. புரோக்கரு ஏழைபாழைககிட்ட ஆதாரையும் பேங்க் புக்கையும் வாங்கி, கமிசனை எடுத்துக்கிட்டான். பெறகு சிபிசிஐடி வந்து கொஞ்சப் பேரை உள்ள வச்சாங்க. பணத்தை மட்டும் அந்த சனங்க கணக்குலருந்துதான் திருப்பி எடுத்தாங்க. கமிசனுக்கு எவன்கிட்டப் போய் ரசீது கேக்க?

அந்த வழி நமக்கு வேண்டாம். நாம சட்டப்படியே போவோம். நாளைக்கு வெள்ளன எந்திரி. காட்டுக்குப் போகாத, வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போ. நான் எழுபது வருசமா உழுத காட்டுக்குப் பட்டா இன்னும் எங்க அய்யா பேருலதான் கெடக்கு. அவரு போய்ச் சேந்ததுக்கு சர்டிபிகேட் கேக்கான். அந்தக் காலத்துல யாரு பதிஞ்சா? அரசாங்கத்தப் பொறுத்தவரை அவரு இன்னும் உசுரோடதான் இருக்காரு. நீ படிச்ச பய, மொதல்ல அவரக் கொல்லுத வேலையப் பாரு. ரெண்டு போட்டோவும் உன் ஆதாரும் எடுத்துக்கோ. சாப்பாட்டையும் கட்டிக்கிட்டே போ, மத்தியானத்துக்குள்ள சாகமாட்டாரு.