செவிச்செல்வர்

செவிச்செல்வம் என்று வள்ளுவர் எதைச் சொன்னார் என்பதைப் பரிமேலழகர் விளக்கிவிட்டார். குரோம்பேட்டை, நங்கநல்லூர், அம்பத்தூர் பக்கம் அதற்கு வேறு பொருளும் உண்டு. ஓடுகிற பழைய காரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, “முன்பக்கம், இடது வீல், லிங்க் ராடு புஷ்” என்று சொல்லத் தெரிந்தவரே அங்கே செவிச்செல்வர். தெருவுக்கு ஒருவராவது இருப்பார்.

இவர் மெக்கானிக் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, மெக்கானிக்குகள் கோபித்துக்கொள்வார்கள். மின்வாரியத்தில் கணக்குப் பார்த்திருப்பார், அல்லது மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுத்திருப்பார். கையில் ஸ்பேனர் பிடித்த காய்ப்பு இருக்காது. சட்டையில் கிரீஸ் கறையைத் தேடினாலும் கிடைக்காது. கழற்றுவது, மாட்டுவது எல்லாம் அவர் துறையில் வராது. கேட்பார், சொல்வார், காபி குடிப்பார், கிளம்புவார்.

காது தானாகப் பழகிவிடவில்லை. இளமையில் அம்பாசடர். புரொப்பெல்லர் ஷாஃப்டில் ‘கிராஸ்’ தேய்ந்தால், கிளட்சை விட்டதும் அடிவயிற்றில் ‘டங்’ என்று ஒரு குத்து விழும். பின்னால் ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி முனகும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இஞ்சின் முன் சக்கரங்களையே நேராக இழுத்தது. நடுவில் ஷாஃப்டே கிடையாது. ஒரு தலைமுறை கேட்டு வளர்ந்த ‘டங்’ அத்தோடு போயிற்று. பதிலுக்கு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ஆக்சில் ஜாயிண்டிலிருந்து வரும் ‘கட் கட் கட்’ கிடைத்தது. 2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது; அதே வருடம் மே மாதம் அம்பாசடரும் நின்றது. அந்த வருடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் செவிச்செல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

நோயாளி, அதாவது காரின் சொந்தக்காரர், முதலில் போனில்தான் வருவார்.

“சார், வண்டில ஒரு சத்தம் வருது.”

“எப்படி வருது?”

“ஒரு மாதிரியா வருது சார்.”

“ஒரு மாதிரின்னு ஒரு சத்தம் கிடையாது. வாயால பண்ணிக் காட்டுங்க.”

“இப்பவா? ஆபீஸ்ல இருக்கேன் சார்.”

“சும்மா பண்ணுங்க.”

பேசுகிறவர் சார்பதிவாளர். எதிரே வில்லங்கச் சான்றிதழுக்காக ஒரு குடும்பமே காத்துக்கொண்டு நிற்கிறது. அவர் முகத்தை லேசாகச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “கிடுக்... கிடுக்...” என்கிறார்.

“கிடுக்கா, கிடுகிடுவா?”

“கிடுக்.”

“ரெண்டு கிடுக்குக்கு நடுவுல மூச்சு விடுதா?”

“விடுது சார்.”

“சின்னப் பள்ளத்துலயா, ஸ்பீட் பிரேக்கர்லயா?”

“சின்னப் பள்ளத்துல. ஸ்பீட் பிரேக்கர்ல ‘டொம்’ங்குது.”

“அப்ப ரெண்டு இருக்கு. கிடுக் லிங்க் ராடு. டொம் வந்து சாக் அப்சார்பர். சாயங்காலம் வண்டியக் கொண்டாங்க.”

காத்திருந்த குடும்பம் பத்திரத்தை இன்னொரு முறை எடுத்துச் சரிபார்த்துக்கொள்கிறது.

தமிழில் இரட்டைக்கிளவி என்று ஒன்று இல்லாவிட்டால் இந்தக் கலை இந்த மண்ணில் தழைத்தே இருக்காது. சைலன்சருக்கு மேல் இருக்கும் தகட்டின் போல்ட் தளர்ந்தால் சலசல. இஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்தால் சிக்னலில் நிற்கும்போது தடதட. டாப்பெட் இடைவெளி கூடினால் டக்டக். மூன்று சிலிண்டர் மாருதியில் இயல்பாகவே கொஞ்சம் தடதட உண்டு. அது பிறவி, இது வியாதி என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் செவிச்செல்வர் வேண்டும்.

சாயங்காலம் வண்டி வரும். அவர் ஏறும் அழகைப் பார்க்க வேண்டும். முதலில் சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, பீரோ சாவி, முருகன் டாலர் எல்லாவற்றையும் கழற்றி, வண்டிச் சாவியை மட்டும் போடச் சொல்வார். கொத்து ஸ்டியரிங் தண்டில் மோதிச் செய்கிற கிலுகிலுப்பை பல ஊர்களில் பல பேர் பணம் கொடுத்து ரிப்பேர் பார்த்திருக்கிறார்களாம். அடுத்தது டோல்கேட் சில்லறை. அப்புறம் கதவுப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், பின் சீட்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் எவர்சில்வர் டம்ளர், டிக்கியில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கி. பாட்டு நிறுத்தப்படும். ஏசி நிறுத்தப்படும். கண்ணாடிகள் மேலே ஏறும். பின்னால் உட்கார்ந்திருக்கும் சார்பதிவாளர் மனைவியின் கைகளைப் பார்ப்பார். அந்த அம்மாள் தானாகவே வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். மே மாத வெயில். மூடிய காருக்குள் நான்கு பேர். “முப்பதுல போங்க,” என்பார் செவிச்செல்வர். கண் மூடியிருக்கும்.

ஒரு கை கியர் குமிழ் மேல், இன்னொன்று டேஷ்போர்டு மேல், செருப்பைக் கழற்றிய கால் தரைத் தகட்டின் மேல். இங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். நாம் அதிர்வு என்று பொதுவாகச் சொல்வதை அவர் இடம் பிரித்துச் சொல்வார். கைக்கு வந்தால் முன் சக்கரம், இருக்கைக்கு வந்தால் பின் சக்கரம். எண்பதில் ஸ்டியரிங் நடுங்கி, நூறில் அடங்கினால் வீல் பேலன்சிங். பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் கோணிவிட்டது. எண்பதில் போகும்போது வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளச் சொல்வார். சத்தம் இஞ்சினோடு சேர்ந்து இறங்கினால் குற்றம் முன்னால். வேகத்தோடு அப்படியே தொடர்ந்தால் குற்றம் சக்கரத்தில். அரை நிமிஷத்தில் பாதி வண்டி நிரபராதி ஆகிவிடும்.

வண்டியை நிறுத்தியதும் பானட். கையில் நீள ஸ்குரூ டிரைவர். 1816-இல் லெனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார்; ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. பட்டறைக்காரர்களுக்கு அதே வேலையை ஸ்குரூ டிரைவர் செய்கிறது. முனை டாப்பெட் கவர் மேல், பிடி காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின் மேல். ஓடுகிற ஃபேனுக்கு அருகில் தலையைக் கொண்டுபோகும் அவரைப் பார்த்து அவர் மனைவி மாடியிலிருந்து ஏதோ சொல்வார். அந்தச் சத்தம் மட்டும் அவர் காதில் விழாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீஈஈ’ என்று கத்தும் வண்டி இருந்தால், விடியற்காலையில் சொம்பில் தண்ணீரோடு வந்துவிடுவார். ஓடுகிற பெல்ட் மேல் ஓரமாக நின்று சில துளி தெளிப்பார். கத்தல் கொஞ்ச நேரம் அடங்கினால் பெல்ட்டின் மேல்பரப்பு தேய்ந்துவிட்டது. அதிகமானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, புது வண்டிக்குப் பூஜை போட எவ்வளவு வாங்குவீர்கள் என்று அவரிடமே கேட்டிருக்கிறார்.

மெக்கானிக்குக்கும் அவருக்கும் உள்ள உறவு கொஞ்சம் சிக்கலானது. பட்டறைத் தம்பி புதிதாக ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறான். கார்புரேட்டர் மாருதியில் அதைச் சொருக இடமே கிடையாது. புது வண்டிகளிலும் சென்சார் சொல்வதைத்தான் ஸ்கேனர் சொல்லும். புஷ்ஷுக்கு யாரும் சென்சார் வைக்கவில்லை. “ஓட்டிப் பாத்தேன் சார், ஒண்ணும் வரலியே” என்பான் தம்பி. “உன்னப் பாத்தா அது வராதுப்பா” என்பார் இவர். எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் இவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். இல்லாவிட்டால் தம்பி எப்போதோ பட்டறை வாசலில் ஒரு பலகை மாட்டியிருப்பான்.

ஒரு தெருவில் இரண்டு செவிச்செல்வர்கள் அமைந்துவிட்டால் நிலைமை மோசம். வடகலை தென்கலை மாதிரி, பேரிங் கட்சி, டயர் கட்சி என்று ஊர் பிரிந்துவிடும். வேகம் கூடக் கூட ‘ஊஊம்’ என்று ஒரு முனகல் வருகிறதே, அது வீல் பேரிங்கா, தாறுமாறாகத் தேய்ந்த டயரா? சண்டையில் நியாயம் இருக்கிறது; இரண்டும் ஒரே ராகத்தில் பாடும். பேரிங் கட்சிக்காரர் வண்டியை இடமும் வலமுமாக ஒடித்து ஒடித்து ஓட்டச் சொல்வார். இடது பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். முனகல் உயர்ந்தால் வலது பேரிங் போய்விட்டது. டயர் கட்சிக்காரர் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடச் சொல்வார். முனகலும் பின்னால் போனால் டயர். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்குப் போகும்போது குரல் மாறினாலும் டயர்தான், பேரிங்குக்கு ரோடு எதுவானாலும் ஒன்றுதான் என்பார்.

வண்டலூர் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஒரு விடியற்காலை இந்த வழக்கு நடந்தது. மூன்று பெரியவர்கள் ஏறிய ஒரு பழைய ஜென் வண்டி, சாலையில் பாம்பாக நெளிந்து போவதைப் பார்த்த காவலர் மறித்துவிட்டார். ஊதச் சொன்னார். மூன்று பேரும் ஊதினார்கள். ஓட்டியவர் மட்டும் ஊதினால் போதும் என்று அவர் சொல்வதற்குள் ஊதிவிட்டார்கள். “பேரிங் கேட்டுட்டு இருந்தோம்” என்று விளக்கம் சொல்லப்பட்டது. காவலர் கருவியை உறையில் வைத்தார், பைக்கை எடுத்தார், வண்டியை ஓட்டச் சொல்லிக் கொஞ்ச தூரம் பக்கத்திலேயே வந்தார். பிறகு தலையை ஜன்னல் அருகே சாய்த்து, “டயர் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். பேரிங் கட்சிக்காரர் அதற்குப் பிறகு காவல்துறையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

இத்தனை நுட்பம் தெரிந்தவருடைய சொந்தக் கார் எப்படி இருக்கும்? தெருவிலேயே அதிகச் சத்தம் போடுவது அதுதான். வெள்ளை மாருதி 800. முக்குத் திரும்பும்போதே அவர் வீட்டில் குக்கரை இறக்கிவிடுவார்கள். கேட்டால் விரல் விட்டுச் சொல்வார். “அந்தக் கிறீச் இருக்கே, லோயர் ஆர்ம் புஷ். 2009-லேர்ந்து இருக்கு. அந்தக் கொடகொட ரேக்ல ப்ளே. அது பொண்ணு கல்யாணத்தப்ப வந்தது. இதெல்லாம் தெரிஞ்ச சத்தம் சார்.”

தெரிந்த சத்தம் அவரைப் பொறுத்தவரை கோளாறு அல்ல. பெயரில்லாத சத்தம்தான் கோளாறு. எங்கிருந்து, எதனால் என்று தெரிந்து ஒரு பெயர் வைத்தாகிவிட்டால் அது குடும்பத்தில் ஒருவர். செலவு செய்து துரத்துவானேன்? நாம் காரைச் சரி செய்யத்தான் அவரிடம் போகிறோம் என்று நினைப்பது நம் தப்பு. அவர் வருவது பெயர் சூட்டுவதற்கு. சூட்டியதும் அவருக்கு நிம்மதி, பில் நமக்கு.

ஆனால் எல்லாச் சத்தத்துக்கும் இந்தத் தாராளம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் நண்பர்களோடு கொல்லிமலை கிளம்பினான். வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது, இரும்பில் இரும்பு உரசும் ஒரு ‘கர்ர்’. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவிக்கொண்டார்.

“பேட் தீந்து தகடு டிஸ்க்ல அறுக்குது. கொல்லிமலைல எழுபது கொண்டை ஊசி. இறங்கறப்ப எழுபதுலயும் பிரேக் வேணும். நாளைக்குப் போங்கடா.”

பையன் கெஞ்சினான். அவன் அப்பா வந்து பேசினார். சாவி வேட்டி மடிப்பை விட்டு வெளியே வரவில்லை. அன்று மட்டும் அவரே பட்டறைக்குப் போய், பேட் மாற்றும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

மின்சாரக் கார் வந்ததும் இந்த இனம் அழிந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், நானும்தான். சத்தமே இல்லாத வண்டியில் இவர் எதைக் கேட்பார்? 1958-இல் டேவிட் ஓகில்வி எழுதிய புகழ்பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரம் ஒன்று உண்டு. மணிக்கு 60 மைல் வேகத்தில் போனாலும் வண்டிக்குள் கேட்கிற பெரிய சத்தம் மின்கடிகாரத்துடையதுதான் என்று அதில் பெருமை அடித்திருப்பார்கள். செவிச்செல்வரை மடக்கலாம் என்று அதை அவரிடம் சொன்னேன்.

“கடிகாரத்துல என்ன கோளாறாம்?” என்றார்.

பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை புது மின்சாரக் காரில் வந்து இறங்கினார். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட புது வண்டிகள் மெதுவாகப் போகும்போது ஆட்களுக்குக் கேட்பதற்காகச் செயற்கையாகச் சத்தம் எழுப்ப வேண்டும் என்று 2021-லிருந்து சட்டமே இருக்கிறது என்றும், அவ்வளவு அமைதி என்றும் மாமனாருக்கு எடுத்துச் சொன்னார். தெரு முழுக்க ஏதோ வேலையாக வாசலுக்கு வந்து நின்றது. செவிச்செல்வர் சாவிக்கொத்தைத் தேடினார். சாவியே இல்லை, ஒரு அட்டைதான் இருந்தது. முகம் கொஞ்சம் வாடியது. ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வண்டி தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது.

இறங்கியபோது அவர் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது.

“இஞ்சின் சத்தம் இத்தன நாளா எல்லாத்தையும் மூடி மறைச்சுக்கிட்டு இருந்திருக்கு சார்,” என்றார் என்னிடம். “டேஷ்போர்டு கிளிப் ஒண்ணு, சீட்டு ரயில் ஒண்ணு, பின் கதவு பீடிங் ஒண்ணு. எல்லாம் வெளிய வந்துடுச்சு. மாப்ள, அந்த மூணாவது ஸ்பீட் பிரேக்கர்ல இன்னொரு தடவ ஏத்துங்க.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே மாமா,” என்றார் மாப்பிள்ளை.

“இப்ப சொல்லிட்டேன்ல. பெங்களூர் போறவரைக்கும் கேக்கும்.”