கீ கொடுத்தால் ஓடும்

எங்கள் காலத்தில் விளையாட்டுச் சாமான் இரண்டு வகை. உடையும்வரை விளையாடுவது ஒன்று. உடைந்துவிடும் என்று கையிலேயே தராதது இன்னொன்று. லிவர்பூல் போய்வரும் கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த ஹார்ன்பி ரயில் இரண்டாம் வகை. தீபாவளிக்குத் தீபாவளி பாட்டி பீரோவைத் திறப்பாள். கீ கொடுப்பது மாமா, கைகட்டி நின்று பார்ப்பது நாங்கள்.

தகரத்தில் அச்சடித்த 101 டேங்க் இன்ஜின் அது. நாலு சக்கரம், 32 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். நிஜ டேங்க் இன்ஜினுக்குப் பின்னால் டெண்டர் கிடையாது. தண்ணீரையும் கரியையும் தன் மேலேயே சுமக்கும், முன்னும் பின்னும் ஓடும். ஷண்டிங்குக்கும் குட்டிப் பாதைகளுக்கும் தோதானது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பெட்டிகளைப் பின்னாலிருந்து முக்கித் தள்ளிக்கொண்டு ஏறுகிறதே, அதுவும் இந்த ஜாதிதான். எங்கள் பொம்மையில் டிரைவர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பிரேக், மற்றது ரிவர்ஸ். கீ கொடுத்த வேகத்தில் முதல் வளைவிலேயே குப்புறக் கவிழும். "போதும், எடுத்து வை" என்பாள் பாட்டி. அத்தோடு அடுத்த தீபாவளிதான்.

பிராங்க் ஹார்ன்பி 1920-ல் இந்த ரயில்களை விற்க ஆரம்பித்தது பையன்கள் தரையில் மண்டிபோட்டு ஓட்டுவதற்காக. 1948-ல் பிரிட்டன் ரயில்வேயை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் பொம்மை மட்டும் கொஞ்ச காலம் பழைய ரயில் கம்பெனிகளின் எழுத்துகளோடு ஓடிக்கொண்டிருந்தது. பொம்மை உலகத்தில் தேசியமயம் மெதுவாகத்தான் வரும் போலிருக்கிறது. இந்த ரயில்களைச் செய்த லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையை 1979-ல் மூடினார்கள்.

இப்போது அதே இன்ஜின் 'ஆன்டிக்'. வாங்க வருகிறவரின் முதல் கேள்வி: "அட்டைப்பெட்டி இருக்கா சார்?" அடுத்தது: "மறுபெயின்ட் அடிச்சிருக்கா?" ஓடுமா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஓடியிருந்தால் சக்கரம் தேய்ந்திருக்கும், கவிழ்ந்திருந்தால் பெயின்ட் உதிர்ந்திருக்கும், விலை இறங்கிவிடும். பையன்களுக்காகச் செய்த சாமானுக்குப் பையன் கை படாதிருப்பதே இன்று பெருமை. அந்தக் கணக்கில் பாட்டிதான் எங்கள் குடும்பத்தின் தலைசிறந்த முதலீட்டாளர். ஆனால் இன்ஜினைப் பூட்டிவைத்தவள், அதன் அட்டைப்பெட்டியில் நூல்கண்டும் பொத்தானும் போட்டு அது கிழியும்வரை புழங்கினாள். பெட்டி போனதால் இறங்கும் விலையைக் கேட்டால் அந்தப் பொத்தான்களைத் தங்கத்தில் செய்திருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடந்தால், விற்பதற்கு முன் பல்சக்கரத்துக்குச் சொட்டு எண்ணெய் விடுங்கள். பிரேக்கைப் போட்டுக்கொண்டு பாதி கீ மட்டும் கொடுங்கள். பிறகு வீட்டில் உள்ள மிகச் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, பிரேக்கை எடுக்கச் சொல்லுங்கள்.