செய் பீரு

(டோக்கியோவில் நிஷி-கசாய். இந்தியர்கள் நிறையக் குடியிருக்கும் பேட்டை. தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மதிய வியாபாரம் முடிந்து, சமையல்காரர் முருகேசன் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். ஜப்பானுக்கு வந்து 16 வருடம். எதிரே ஐ.டி. சபரி. வந்து 5 மாதம். கையில் நோட்டு, பையில் சான்றிதழ்.)

முருகேசன்: என்ன தம்பி, மூஞ்சி தொங்கிப் போச்சு?

சபரி: நேத்து ஆபீஸ் பார்ட்டிண்ணே. மேனேஜருக்கு டிராஃப்ட் பீர் சொல்லணும். மெனுவுல பார்த்தா தெரிஞ்ச கான்ஜி எழுத்து. 'காகுசெய்'னா மாணவன், அதுல வர்ற அதே 'செய்'. சத்தமா 'செய் பீரு'ன்னுட்டேன்.

முருகேசன்: என்ன செய்யன்னு அவன் முழிச்சிருப்பானே! அது 'நாமா பீரு'. எனக்குத் தெரிஞ்ச ஒரே எழுத்தும் அதுதான்.

சபரி: அந்த ஒரு எழுத்தைப் பொறக்குறதுக்கு ஒரு மாதிரி, வாழுறதுக்கு ஒரு மாதிரி, முடி முளைக்கிறதுக்கு ஒரு மாதிரி படிக்கணும்ணே. ஞாயித்துக்கிழமையை எடுங்க, 'நிச்சியோபி'. முதல்லயும் கடைசியிலயும் ஒரே எழுத்து. முதல்ல 'நிச்சி', கடைசியில 'பி'. இது நியாயமா?

முருகேசன்: ஒரே ஆளை அம்மா ஒரு பேர்ல கூப்பிடுறா, மச்சான் ஒரு பேர்ல கூப்பிடுறான். இடம் பார்த்துக் கூப்பிட்டாத்தான் திரும்புவான். அதுசரி, நீ என்னமோ ஜப்பான் மொழிப் பரீட்சை பாஸ் பண்ணியே?

சபரி: என்-2! சென்னையில எழுதினேன்.

முருகேசன்: அதுல பேசச் சொல்லுவாங்களா?

சபரி: இல்ல.

முருகேசன்: எழுதச் சொல்லுவாங்களா?

சபரி: இல்ல. கொடுத்திருக்கிற விடையில ஒண்ணை எடுத்து, வட்டத்தைக் கறுப்பாக்கணும்.

முருகேசன்: அப்ப தப்பு கடைக்காரன் மேலதான். பீருக்கும் நாலு விடை கொடுத்துக் கேட்டிருக்கணும்.

சபரி: கிண்டல் பண்ணாதீங்க. அரசாங்கப் பட்டியல்ல 2,136 கான்ஜி. அத்தனையும் கையால எழுதுவேன். 2010ல புதுசா சேர்த்தாங்களே 'உட்சு', மனச்சோர்வு, அதுக்கு 29 கோடு. ஆபீஸ் போர்டுல போட்டுக் காட்டினேன். அங்க ஒரு ஜப்பான்காரருக்கும் எழுத வரல. போன்ல அடிச்சா தானா வருதுங்கறாங்க.

முருகேசன்: கை தட்டினாங்களா?

சபரி: தட்டினாங்க. அப்புறம் ஒருத்தர் தனியாக் கூப்பிட்டு, ராத்திரி தூக்கம் வருதா, யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசறீங்களான்னு விசாரிச்சாரு.

முருகேசன்: (பூண்டைக் கீழே வைத்துச் சிரிக்கிறார்) நோட்டுல என்ன?

சபரி: இலக்கணம். 'தே ஓகு': பின்னால் எழக்கூடிய தேவையை முன்னிட்டு ஒரு செயலை முன்கூட்டியே நிறைவேற்றுதல். இங்கிலீஷ் புத்தகத்துல படிச்சுப் படிச்சு மூணு நாள் மண்டை காய்ஞ்சேன்.

முருகேசன்: 'காத்தே ஓகு'. வாங்கி வை. 'ஓகு'ன்னா வைக்கிறது. எங்க ஆத்தா தினமும் சொல்லும், எண்ணெய் வாங்கி வைடான்னு.

சபரி: ...அப்ப 'தபேதே மிரு'?

முருகேசன்: 'மிரு'ன்னா பார்க்கிறது. தின்னு பாரு.

சபரி: 'ஷினாகெரெபா நாரானாய்'? இரட்டை எதிர்மறை, கட்டாயப் பொருள்னு புத்தகத்துல ரெண்டு பக்கம் போகுது.

முருகேசன்: செய்யாட்டி ஆகாது. முதலாளி முதல் நாளே சொல்லிட்டாரு.

சபரி: வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருக்கே! இதை ஏண்ணே எனக்கு யாரும் சொல்லல?

முருகேசன்: பக்கத்து வீட்டுக்குப் போக லண்டன் வழியா டிக்கெட் எடுத்தது நீ. என்னைக் கேட்டா?

சபரி: சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பான் பேராசிரியர், தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் பூர்வீக உறவுன்னே எழுதியிருக்காரு.

முருகேசன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) பார்த்தியா!

சபரி: மொழியியல்காரங்க பெரும்பாலும் ஒத்துக்கல. வாக்கிய அமைப்பு இப்படி இருக்கறது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாதாம். கொரியமும் துருக்கியும்கூட இதே மாதிரிதான்.

முருகேசன்: நல்லதாப் போச்சு. சொந்தமில்லேன்னா மொய் எழுத வேண்டாம்.

சபரி: நீங்க ரொம்பத் துள்ளாதீங்க. வார்டு ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வந்தா என்னைத்தானே தேடுறீங்க? புது வருஷத்துக்கு முதலாளிக்கு சாகே சரக்குன்னு சொல்லி வினிகர் பாட்டிலை நீட்டினது யாரு?

முருகேசன்: ரெண்டு எழுத்துலயும் ஒரு ஜாடி இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எட்டியா பார்க்க முடியும்?

சபரி: வினிகர்னா ஜாடி இடப்பக்கம். சாகேன்னா ஜாடி வலப்பக்கம், இந்தப் பக்கம் மூணு சொட்டுத் தண்ணி.

முருகேசன்: தண்ணி கலந்துதான் விக்கிறானா? அதான் ஏற மாட்டேங்குது.

(கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்துக் குடியிருப்புப் பாட்டி வருகிறார்.)

சபரி: (குனிந்து) கொன்னிச்சிவா!

பாட்டி: அட! நிஹோங்கோ ஜோஸு தெசு நே!

(பாட்டி முருகேசன் பக்கம் திரும்பி, நேற்றைய சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று கையை ஆட்டிச் சண்டை பிடிக்கிறார். முருகேசன் விடாமல் பதில் சொல்கிறார். பொட்டலம் கைமாறுகிறது. பாட்டி முணுமுணுத்தபடி போகிறார்.)

சபரி: (நோட்டில் குறித்துக்கொண்டே) கேட்டீங்கல்ல? ஒரே வார்த்தைதான் பேசினேன், ஜப்பானியம் பிரமாதம்னுட்டாங்க. உங்களை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையே?

முருகேசன்: வந்த புதுசுல எனக்கும் சொன்னாங்க தம்பி. நான் பேச ஆரம்பிச்சதும் நிறுத்திட்டாங்க.