கடம்பூருக்குப் போயிருக்க வேண்டிய பெண்

திருவையாற்றில் கச்சேரி கேட்காதவரைக்கூடத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். கச்சேரியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தியாகராஜர் 1847 ஜனவரியில் இங்கே காவிரிக்கரையில் சமாதியானார். அன்றிலிருந்து ஊருக்கே நிரந்தரமாக ஒரு நீதிபதி உத்தியோகம் கிடைத்துவிட்டது. ஆராதனையன்று பந்தலுக்குள் வித்வான்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடிக்கொண்டிருப்பார்கள். வெளியே ஒருவர் ஒரு கையில் சைக்கிளும் மறு கையில் தூக்குவாளியுமாக நின்று கேட்பார். தாளம் போடக் கை இல்லாததால் தலையாலேயே போடுவார். "வராளியில கொஞ்சம் ஓடிட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விடுவார். அவர் வம்சத்தில் யாரும் பாட்டுப் படித்ததில்லை. படிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு சீனத் தொடர் வந்து சிக்கிக்கொண்டது.

சிக்கவைத்தவர் பெரியப்பா. எனக்கு மட்டுமில்லை, தெருவுக்கே பெரியப்பா. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கொஞ்சம் நிலம், நிறைய நேரம். அவர் தொலைக்காட்சி பார்க்கிறார் என்று சொன்னால் தவறு. அதற்குத் தலைமை வகிக்கிறார் என்று வேண்டுமானால் சொல்லலாம். இந்த ரகம் எல்லா ஊரிலும் உண்டு. காவிரித் தண்ணீருக்கு இங்கே சற்றுச் செழிப்பாக வளர்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு' ஓடியபோதே அவர் கை தேர்ந்தவர். இந்திரா சௌந்தர்ராஜன் கதை. தெருவில் பாதிப் பேர் அவர் வீட்டுக் கூடத்தில்தான் இருப்பார்கள். வாரம் தவறாமல் ஒருவரைக் குற்றவாளி என்று பெரியப்பா அறிவிப்பார். அடுத்த வாரம் வேறொருவரை. தொடர் முடிந்தபோது அந்தப் பட்டியலில் ஒரு பெயர் சரியாக இருந்தது. கதையில் மொத்தம் இருந்ததே அத்தனை பேர்தான் என்று யாரும் வாய் திறக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்ற கேள்வி அன்று தொடங்கியது. இன்னும் நிற்கவில்லை.

சீனத் தொடரைக் கொண்டுவந்தது பேத்தி. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. பொங்கலுக்கு வந்தவள், தாத்தா சும்மா இருந்தால் வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது என்பதை உணர்ந்து, தன் போனிலிருந்து டிவிக்கு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். ஆங்கிலத்தில் 'தி இம்பீரியல் கரோனர்' என்று பெயர். 2021இல் வந்தது. பெரிய நட்சத்திரங்கள் கிடையாது, பெரிய செலவும் கிடையாது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே சீனாவில் பேர் வாங்கிய தொடர். தாங் வம்சத்தின் பிற்காலம். பிணப் பரிசோதனையையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்துப் பெண் சூ சூ. அந்த வேலைக்கான தேர்வு எழுதத் தலைநகர் சாங்கானுக்கு வருகிறாள். அங்கே நீதித்துறையைக் கவனிக்கும் ஓர் இளவரசன். பிறகு கொலை, காதல், கொலை, காதல்.

முதல் நாளே பெரியப்பா காலத்தைக் கணக்குப் போட்டுவிட்டார். "ஒம்பதாம் நூற்றாண்டா? அப்ப இங்க விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடிச்சிக்கிட்டிருக்கான்." இனி இது நம்ம வீட்டுக் கதை என்ற உரிமை அதோடு வந்துவிட்டது. போதாததற்கு, ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்ததையும், பழைய தஞ்சை மாவட்டத்தில் தளிக்கோட்டைப் பக்கம் சீனக் காசுகள் குவியலாகக் கிடைத்ததையும் எடுத்து வைத்தார். ஆயிரம் வருஷப் பழக்கம், கேள்வி கேட்க உரிமை இல்லையா?

கேட்டார். பிணம் மூச்சு விட்டது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். பேத்தியை விட்டுக் காட்சியை மூன்று தரம் பின்னோக்கி ஓடவிட்டு, துணி மூடிய மார்பு ஏறி இறங்குவதை எல்லோருக்கும் விரல் வைத்துக் காட்டினார். பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு வரும் பெண்ணின் உடுப்பில் ஒரு சொட்டுக் கறை இல்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. "நம்ம வீட்ல வத்தக்குழம்பு பரிமாறுனாலே முந்தானை போச்சு."

காதல் காட்சிகளில் அவருக்குள் இருந்த ஆராதனைப் பந்தல் விழித்துக்கொண்டது. நாயகன் நாயகியைப் பார்த்தான். அவள் பார்த்தாள். மறுபடி அவன் பார்த்தான். காமிரா ஒரு சுற்று வந்தது. எங்கிருந்தோ பூ உதிர்ந்தது. இப்போது வேறு பக்கத்திலிருந்து அவன் பார்த்தான். பெரியப்பா தொடையில் தட்டினார். "நிரவல் பண்றான். ஒரே வரியைப் புடிச்சிக்கிட்டு எத்தனை தடவை? ஸ்வரத்துக்கு வாப்பா!" அவன் வரவில்லை. சீனக் கதாநாயகர்கள் அவ்வளவு சுலபமாக ஸ்வரத்துக்கு வருவதில்லை.

தொடரில் பேசுவது சீனம், கீழே ஓடுவது ஆங்கில எழுத்து. பெரியம்மாவுக்கு இரண்டும் தெரியாது. ஆகவே பெரியப்பா உரக்கப் படித்துத் தமிழில் சொல்லவேண்டிய ஏற்பாடு. கொலை விசாரணையை வார்த்தை விடாமல் சொல்வார். கூடுதலாகத் தன் சந்தேகங்களையும் சேர்த்துக்கொள்வார். நிலா வெளிச்சத்தில் இளவரசன் அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்து நாலு நிமிஷம் உருகிப் பேசும்போது மட்டும், "ஏதோ கேஸ் விஷயமாப் பேசிக்கிறாங்க" என்பார்.

"இவ்வளவு நேரம் பேசுனதுக்கு இவ்வளவுதானா?"

"பெரிய கேஸு."

பெரியம்மா ஒன்றும் சொல்லமாட்டார். கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பார். முகத்தை மட்டுமே பார்ப்பவர் என்பதால் அவருக்குக் கதை எல்லோரையும்விட முன்னால் போய்க்கொண்டிருந்தது. சந்தேகப்பட வேண்டிய ஆள் அறிமுகமான காட்சியில், "இவன் சாப்பிடாமலேயே எல்லாரையும் சாப்பிடச் சொல்றான்" என்றார். அத்தோடு சரி. இது விமர்சனக் கணக்கில் சேராது என்று பெரியப்பா தள்ளுபடி செய்துவிட்டார்.

மாசியில் சம்பா அறுவடை வந்தது. நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போனது, கூடவே தொடரும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும்: நெல்லைக் கொட்டிவிட்டால் மறுநாளே எடை போட்டுவிடுவார்கள் என்பதில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சாக்கு வரவேண்டும், லாரி வரவேண்டும். அதுவரை மானத்தைப் பார்த்துக்கொண்டே குவியலுக்குக் காவல், தார்ப்பாய், கொசு. பெரியப்பா போனில் நாலைந்து பகுதிகளை இறக்கிக்கொண்டு போய், குவியலோரம் அரங்கேற்றினார். அங்கே கேட்ட அபிப்பிராயங்களைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மூட்டை தூக்குகிற ஒருவர் ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் எவ்வளவுங்க?" என்றார். அத்தனை அறிவும் அத்தனை அலைச்சலும் உள்ள பெண்ணுக்கு மாதம் எவ்வளவு வருகிறது? எனக்கு அதுவரை தோன்றாத கேள்வி. பக்கத்தில் இருந்தவர் வேறு கோணம்: "மேல ஒரு கையெழுத்துக்கே ராசா இவ்வளவு நாள் ஆக்குறாருன்னா, நம்ம மூட்டை நாளைக்கும் ஏறாதுங்க." ஏறவில்லை.

சரி, கொலைக்கு வருவோம். பெரியப்பாவிடம் ஒரே ஒரு துப்பறியும் சித்தாந்தம்தான் உண்டு: சித்தப்பாவைப் பார். அரண்மனை இருக்கிறதா, வாரிசு இருக்கிறானா, அவனுக்குச் சித்தப்பா இருக்கிறாரா? விசாரணை முடிந்தது. எங்கிருந்து பிடித்தார் என்றால், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனிடமிருந்து.

1950இல் 'கல்கி' இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டு ஓடியது 'பொன்னியின் செல்வன்'. அதைக் கிழித்துத் தைத்து வைத்திருந்த வீடுகளில் அவருடையதும் ஒன்று. கடம்பூர் மாளிகையில் கரிகாலன் விழுகிறான்; விளக்கு அணைகிறது; யார் கை என்று கல்கி கடைசிவரை கையில் கொடுக்கவில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொன்றவர்கள் பெயரும் இருக்கிறது, அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலத்தைப் பறித்ததும் இருக்கிறது. தூண்டியவர் யார்? கல்லில் இல்லை. கரிகாலனின் சித்தப்பா முறையான உத்தமச் சோழன் மேல் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவருமே பெரிய ஆராய்ச்சியாளர்கள்.

பெரியப்பா சாஸ்திரி கட்சி. அவர் தம்பி, அதாவது தெருவுக்கே சித்தப்பா, பண்டாரத்தார் கட்சி. இது வரலாற்று ஆர்வத்தால் வந்த பிரிவு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்பு இருக்கிறது. அது வருஷா வருஷம் நகர்கிறது. எந்தப் பக்கம் என்பதில் கருத்து வேறுபாடு. பேச்சுவார்த்தை கிடையாது. ஆகையால் உத்தமச் சோழன் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். "சித்தப்பன்காரன் எல்லாக் காலத்துலயும் ஒண்ணுதான்" என்று பெரியப்பா டீக்கடையில் சொன்னால், மாலைக்குள் பதில் அதே டீக்கடைக்கு வந்துவிடும்: "மூத்தவன்னு சொல்லிக்கிட்டு ஏமாத்துறவனைப் பத்திக் கல்வெட்டு போடமாட்டான், அதான் தெரியலை." 2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது இரண்டு பேரும் ஒரே காட்சிக்குத் தஞ்சாவூர் போய், வேறு வேறு வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேறு வேறு பஸ்ஸில் திரும்பினார்கள். மணிரத்னம் என்ன எடுத்திருந்தாலும் இவர்களில் ஒருவருக்குக் கோபம் வந்திருக்கும். இருவருக்குமே வந்தது.

சீனத் தொடர் ஓடும்போது சித்தப்பாவும் தன் வீட்டில் அதையே பார்க்கிறார் என்று தெரியவந்தது. அதே பேத்தி, அதே உபயம். உடனே தெருவில் பந்தயம் சூடாகிவிட்டது. சித்தப்பா படித்தவர். ஒருநாள் டீக்கடையில் ஒரு சங்கதி எடுத்துவிட்டார். சோங் சீ என்று ஒரு சீன அதிகாரி. பிணப் பரிசோதனைக்கென்றே 1247இல் ஒரு நூல் எழுதியவர். அதில் ஒரு வழக்கு வருகிறது. கிராமத்தில் ஒருவனை அரிவாளால் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரி, ஊரில் உள்ள அரிவாள்களையெல்லாம் கொண்டுவந்து வெயிலில் வரிசையாக வைக்கச் சொன்னார். ஒரே ஒரு அரிவாளில் மட்டும் ஈ மொய்த்தது. அந்த அரிவாளுக்குச் சொந்தக்காரன் தலைகுனிந்தான்.

டீக்கடை வாயடைத்துப் போனது. அத்தனை பேர் வீட்டுக் கூரையிலும் கதிர் அரிவாள் செருகியிருக்கிறதே. ஒருவர் மட்டும், அறுவடை நாளில் இந்த முறை பலிக்காது, எல்லா அரிவாளிலும் ஈ உட்காரும் என்றார்.

செய்தி பெரியப்பாவுக்குப் போயிற்று. அவர் ஈயைப் பற்றிக் கவலைப்படவில்லை. தொடர் தாங் காலம், புத்தகம் அதற்கு ஏறக்குறைய நானூறு வருஷம் பிந்தியது, இதை அதோடு சேர்க்கக்கூடாது என்று சட்டப் புள்ளி ஒன்றைப் போட்டார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த வருஷத்தின் மிகச் சிறந்த விமர்சனத்தைச் சொன்னார்:

"இந்தச் சூ சூ பொண்ணை அன்னிக்கு ராத்திரி கடம்பூருக்கு அனுப்பியிருந்தா, நமக்குள்ள இவ்வளவு சண்டை வந்திருக்காது."

இதற்குச் சித்தப்பாவிடமிருந்து மறுப்பு வரவில்லை. எனக்குத் தெரிந்து இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இது. கடம்பூர் கல்கியின் கதைக்கு வந்த இடம், கரிகாலன் உண்மையில் எங்கே செத்தான் என்று கல்வெட்டில் இல்லை என்று நான் ஆரம்பித்தேன். இரண்டு கட்சியும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், நிரவல் இல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்.

தொடர் 36 பகுதியில் முடிந்தது. சீன அரசு 2020இல் தொடர்களை 40 பகுதிக்குள் முடிக்கும்படி அறிவுறுத்தியிருக்கிறது என்று பேத்தி சொன்னபோது, பெரியப்பா எழுந்து நின்று பாராட்டினார். 'கோலங்கள்' 1,533 பகுதி ஓடியதை முழுக்கப் பார்த்த மனிதர், கணக்கெழுதியவர் வேறு. அத்தனை நாளும் மண்டகப்படி வைத்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். பெரியம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ஆளுங்க பழகுறதுக்குள்ள முடிச்சிட்டானே. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்கன்னுகூட ஒழுங்காக் காட்டலை." கொலையாளியை அவர் கீரை ஆய்ந்த அன்றே சொல்லிவிட்டார் என்பதை நான்தான் நினைவூட்டினேன். அப்படியா சொன்னேன் என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். கொலையாளி யார் என்று இங்கே எழுத மாட்டேன். தெருவில் இன்னும் மூன்று வீடு பாக்கி.

பேத்தி இப்போது வேறொன்றை அனுப்பியிருக்கிறாள். இதிலும் அரண்மனை, இளவரசன், பூ உதிர்தல் எல்லாம் உண்டு. நேற்று ராத்திரி முதல் பகுதி. கொலை இன்னும் நடக்கவே இல்லை. எல்லோரும் விருந்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு தாடிக்காரர் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அவரை விரலால் சுட்டினார்.

"யாரு அது?"

பேத்தி போனில் சொன்னாள்: "இளவரசனோட சித்தப்பா, தாத்தா."

"எழுதி வச்சிக்க" என்றார் பெரியப்பா. இரண்டு வீடு தள்ளி யாரோ டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.