சாகவும் சம்மதம் கேட்ட சிப்

இன்டெல்காரர் 1982இல் 80286 என்றொரு சிப்பைச் செய்தார்கள். அதற்குப் பழைய நிலை என்று ஒன்று, பாதுகாப்பு நிலை என்று ஒன்று. பழையதிலிருந்து புதியதுக்கு ஏறக் கட்டளை உண்டு, இறங்கிவர இல்லை. இவ்வளவு நல்ல இடத்துக்கு வந்தவன் எதற்குத் திரும்பப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள் போலும். உலகமோ திரும்பிப் போகத்தான் துடித்தது. டொஸ் என்ற கிழட்டு இயங்குதளமும் அதன் பரிவாரங்களும் பழைய நிலையில் மட்டுமே சீவித்தன.

1984இல் பீசி ஏடி கணினியைச் செய்த ஐபிஎம்காரர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். விசைப்பலகையைக் கவனிக்க அதில் 8042 என்று ஒரு குட்டிச் சிப் இருந்தது. அதன் கால்களில் ஒன்று வேலையில்லாமல் நின்றது. அதைப் பிடித்து நடுச் சிப்பின் ரீசெட் கம்பியில் பூட்டிவிட்டார்கள். எந்த விசையை அமத்தினார்கள் என்று சொல்லக் கூலிக்கு வைத்த ஆளுக்கு எசமானின் கழுத்தை நெரிக்கிற அதிகாரம் வந்தது இப்படித்தான்.

திரும்ப ஆசைப்பட்ட 286, பற்றரியில் உயிர்வாழும் சீமொஸ் நினைவகத்தில் "இது மெய்யான சாவில்லை, இப்ப வாறன்" என்கிற மாதிரி ஒரு பைட்டைக் குறித்து வைக்கும். பிறகு விசைப்பலகைச் சிப்பிடம் போய்த் தன்னைக் கொல்லும்படி கேட்கும். செத்து எழும்பியதும், கணினியைத் தொடக்கிவிடும் பயோஸ் அந்தக் குறிப்பைப் பார்த்து, விட்ட இடத்தில் கொண்டுபோய் விடும். மைக்ரோசொஃப்ட்காரருக்கு இந்த அலைச்சல் பிடிக்கவில்லை. சிப்பை ஒரு பிழைக்குள் இன்னொரு பிழை, அதற்குள் மூன்றாவது என்று அடுக்கி விழுத்தினால் அது தானாகவே மடிந்து எழும்பும், அதுதான் கெதி என்று கண்டுகொண்டார்கள்.

1985இல் 386 வந்தது, இறங்கும் படியோடு. கம்பியை மட்டும் ஒருவரும் கழற்றவில்லை. பின்னாளில் லினக்ஸ் ரீபூட் செய்யும் வழிகளில் அதுவும் ஒன்றாக நிலைத்தது. 2011இல் லினக்ஸ் நிரலாளர் மத்தியூ காரெட் ரீபூட் வழிகளை ஆராய்ந்தபோது தெரிந்தது இன்னும் பகிடி. கணினிப் போர்டுகள் எல்லாம் விண்டோஸ் எந்த ஒழுங்கில் சாகிறதோ அந்த ஒழுங்கில் செத்துப் பழகியிருந்தன: முதலில் ஏசிபிஐ என்ற மின் மேலாண்மை ஏற்பாடு, பிறகு விசைப்பலகைச் சிப், கேளாவிட்டால் இரண்டையும் இன்னொருதரம். லினக்ஸும் அதையே பார்த்தெழுதிக்கொண்டது.

அந்த லினக்ஸை லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் தொடங்கியது 1991இல். அதன் ரீபூட் அழைப்புக்கு இரண்டு இரகசிய எண்கள் கொடுக்கவேண்டும். முதலாவதைப் பதினாறடி எண்முறையில் எழுதினால் 'ஃபீல் டெட்' என்று வாசிக்கலாம். இரண்டாவதை அதே முறையில் எழுதினால் 28121969, அதாவது லினஸின் பிறந்தநாள். சாவதற்கு விண்ணப்பிக்கிறவன் முதலாளியின் பிறந்தநாளை ஒப்புவிக்க வேண்டும். யாழ்ப்பாணக் கச்சேரியில்கூட இப்படி ஒரு படிவம் கிடையாது.

அதே 1991இல் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் கரண்ட் இல்லை. குடாநாடு முழுக்கவே இல்லை. அங்கே நிப்பாட்டித் திரும்பத் தொடங்கவேண்டியிருந்தது செம்மண் தோட்டத்துக் கிணற்றடி வோட்டர் பம்பை. மண்ணெண்ணெய் பம்புக்கு இரண்டு தாங்கி: சின்னதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். கயிறு சுற்றி இழுத்துப் பெற்றோலில் தொடங்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். ஆளின் சீத்துவம் தெரிவது நிப்பாட்டும்போதுதான்.

"நிப்பாட்ட முன்னம் பெற்றோலுக்குத் திருப்பு எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"மறந்துபோனன் பெரியப்பா."

"அப்ப விடிய வந்து நீதான் கயிறு இழுக்கிறாய்."

பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் துளிக் கணக்கில் கிடந்த காலம். மிச்சம் பிடிக்கிறேன் என்று மண்ணெண்ணெயிலேயே அமத்திவிட்டால் காபரேட்டருக்குள் அதுதான் நிற்கும். விடிய இழுக்கிறவனின் தோள்மூட்டு கழரும், பிளக்கைக் கழற்றித் துடைத்துத் துடைத்துக் கை கறுக்கும், வெங்காயம் வாடும்.

பெரியப்பாவுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி 2005 நவம்பரில் மெய்நிகராக்க வசதியோடு பென்டியம் 4 வந்தபோது பல கெட்டிக்காரருக்குப் பிடிபடவில்லை. ஒரே சிப்பில் பல இயங்குதளங்களை, ஒவ்வொன்றும் தானே வீட்டுக்காரன் என்று நம்பும்படி ஓட்டலாம். விஎம்எக்ஸ்ஓன் என்ற கட்டளையோடு, சிப்புக்குள் கணக்குப் போடும் கோர் அவற்றை மேய்க்கிற மேலாளர் நிலைக்கு ஏறும். ஏறியபின் ஐனிட் என்ற சமிக்ஞையைக் காதில் வாங்காது. விஎம்எக்ஸ்ஓஃப் சொல்லி இறக்காமல் ரீபூட் கொடுத்தால், புதிதாக வருகிற கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, மற்றக் கோர்களை எழுப்ப ஐனிட் அனுப்பும். அவை மேலாளர் மிடுக்கில் அசையாமல் இருக்கும். காபரேட்டரில் மண்ணெண்ணெய்.

இஸ்ரேலின் கும்ரானெட் நிறுவனத்து அவி கிவிட்டி எழுதிய கேவிஎம் என்ற மெய்நிகராக்க நிரல், 2007 பெப்ரவரியில் லினக்ஸ் 2.6.20ஓடு வந்தது. ரீபூட்டுக்கு முன் கோர்களை இறக்கும் நிரல்வரிகளும் அதில் சேர்ந்தன. அவற்றின் மேல் உள்ள குறிப்பு, இறக்காவிட்டால் சில பயோஸ்கள் தொங்கிவிடும், குறைந்தது என்னுடையதாவது தொங்கும் என்கிறது. பெரிய கோட்பாடெல்லாம் இல்லை. ஆளின் பெட்டி தொங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

புத்தி தெளிவாக இருக்கிற கெர்னலை இப்படி ஒழுங்காக இறக்கலாம். மண்டை கலங்கி விழுகிறதை என்ன செய்வது? அதற்கென்று கேடம்ப் இருந்தது. ஒரு கெர்னலிலிருந்து இன்னொன்றுக்கு நேரே தாவவைக்கும் எரிக் பீடர்மனின் கெக்செக்கின் மேல் ஐபிஎம்மின் விவேக் கோயல் முதலானோர் கட்டி, 2005இல் லினக்ஸில் சேர்ந்த ஏற்பாடு. கெர்னல் விழுந்தால், ஒதுக்கி வைத்த இன்னொரு கெர்னல் எழும்பிப் பிரேத பரிசோதனை செய்யும். ஆனால் விழுந்தவர் மேலாளர் நிலையிலேயே விழுந்துவிட்டால் பரிசோதகருக்கும் இடைஞ்சல். 2008இல் ரெட் ஹேட்டின் எடுவார்டோ ஹப்கோஸ்ட் அதற்கு வழிசெய்தார்: விழுகிற நேரம் மறுக்கமுடியாத குறுக்கீடு ஒன்றை ஒவ்வொரு கோருக்கும் அனுப்பி, அங்கேயே விஎம்எக்ஸ்ஓஃப் சொல்லவைத்தல். யார் ஏறியிருக்கிறார், யார் இல்லை என்று கேவிஎம்மின் கணக்கைக் கேட்கமுடியாது, கணக்கப்பிள்ளைக்கே பைத்தியம். நேரே கோரின் சீஆர்4 பதிவகத்தில் உள்ள பிட்டைப் பார்த்தார்கள்.

அந்தப் பிட்டும் முழு உண்மை சொல்லவில்லை. பிட் எரிந்துகொண்டிருக்கும், கோர் ஏறியிருக்காது. ஏறாத கோரை இறங்கச் சொன்னால் அது உடனே பிழை எழுப்பி முரண்டுபிடிக்கும். 2020இல் இதைக் கிளப்பியவர் யூடிபி என்ற இணைய நெறிமுறையை வடிவமைத்த டேவிட் ரீட்.

ஏஎம்டிக்காரரின் கதை வேறு. அவர்களிடம் ஒரு கொடியை இறக்கினால் ஐனிட் மட்டுமல்ல, அந்த மறுக்கமுடியாத குறுக்கீடும் படலையடியில் காத்து நிற்கவேண்டும். விழுந்த கெர்னலின் வழியில் 2008இலேயே ஏஎம்டிக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். அவசர ரீபூட் வழியில் மட்டும் இன்டெலைக் கவனித்துவிட்டுப் போய்விட்டார்கள். கூகிளின் சீன் கிறிஸ்டோபர்சனின் திருத்தங்களோடு அது சரியானது 2023இல். இவ்வளவு காலம் அதை ஒருவரும் பெரிதாகத் தேடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

முன்பெல்லாம் முதல் மெய்நிகர் இயந்திரம் தொடங்கும்போதுதான் கோர்கள் ஏறும். கடைசியானது போனதும் இறங்கும். 2024இல் வந்த லினக்ஸ் 6.12 முதல், கேவிஎம் ஏறினாலே கோர்களும் ஏறிவிடுகின்றன, ஓட்ட ஒன்றுமே இல்லாவிட்டாலும். பல லினக்ஸ் பதிப்புகள் கேவிஎம்மைத் தாமாகவே ஏற்றுவதால், மெய்நிகர் இயந்திரம் என்ற பேரையே கேள்விப்படாத ஒருவர் ரீபூட்டை அமத்தும்போதும் அவருடைய பெட்டிக்குள் ஒவ்வொரு கோராகக் கதிரையை விட்டு இறக்கவேண்டியிருக்கிறது.