தாளித்த யெஸ்டி

மைசூரில் சனிக்கிழமை காலை ஒரு மாமா எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தால், தலைமுழுகப் போகிறார் என்று அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது. படியோரம் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், எண்ணெய் ஸ்நானம் அதற்குத்தான்.

இவருக்கு எண்ணெய் மாமா என்று பெயர் வைத்துக்கொள்வோம். சரஸ்வதிபுரத்தில் ஒருவர், அக்ரஹாரத்தில் ஒருவர் என்று பேட்டைக்கு ஒருவராவது தேறுவார். யாதவகிரியில் யெஸ்டியைச் செய்த ஐடியல் ஜாவா ஆலை 1960-களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை ஓடிய ஊர் அல்லவா? ஆலை மூடிய பிறகும் வண்டியை விற்க மனம் வராதவர்கள் இங்கே அதிகம். கிளட்ச் கேபிள் முரண்டு பிடித்தால் மற்றவர்கள் மெக்கானிக்கிடம் போவார்கள். மாமா சமையலறைக்குப் போவார்.

"உதைச்சுக் கிளப்பற அதே கட்டைதான் இந்த வண்டியில கியரும் போடறது. ஒரு கட்டை ரெண்டு வேலை பாக்கறப்போ, ஒரு எண்ணெய் பாக்கப்படாதா?"

இன்னும் சீண்டினால் வரலாறு வரும். அவர் தாத்தா மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துத்தான் மை போட்டார். முதல் உலகப்போரில் விமான எஞ்சின்கள் விளக்கெண்ணெயில் ஓடின. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து 1909-இல் வந்தது. வம்பு என்னவென்றால், இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த விமான எஞ்சின்களை அடிக்கடி பிரித்துக் கழுவினார்கள் என்று சொன்னால் மட்டும் மாமாவுக்குக் காது கேட்காது. தவிர, அவர் கிண்ணத்தில் இருப்பது விளக்கெண்ணெயும் அல்ல. மாமி அசந்த நேரத்தில் எது அகப்பட்டதோ அது.

டிசம்பரில் தேங்காயெண்ணெய் அகப்படும். மைசூர் விடியற்காலை 16, 17 டிகிரிக்கு இறங்கும்; தேங்காயெண்ணெயோ 24 டிகிரி வாக்கிலேயே உறைய ஆரம்பித்துவிடும். கிளட்சைப் பிடித்தால் பிடித்த இடத்திலேயே நிற்கும். மாமா ஹேண்டில்பாரை வெயில் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அது உருகும்வரை காபியும் பேப்பருமாக உட்கார்ந்துவிடுவார்.

கோடையில் சூரியகாந்தி. இது உறையாது, பிசினாகும். பழைய வடைச்சட்டி விளிம்பில் நகத்தால் சுரண்டினாலும் வராமல் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே சமாசாரம். காற்றும் சூடும் பட்டால் சமையலெண்ணெய் நாளடைவில் அப்படித்தான் இறுகும். யெஸ்டியின் சங்கிலி முழுக்க மூடிய பெட்டிக்குள் ஓடுவதால் வெளியே எதுவும் தெரியாது. மணம் மட்டும் வரும்.

நல்லெண்ணெய் விட்ட வாரம் எறும்பு. சுவரிலிருந்து இறங்கி, ஸ்டாண்டில் ஏறி, கேபிள் வழியாக ஹேண்டில்பார் வரை ஊர்வலம்.

ஒருமுறை பிரேக் கேபிளுக்கு விட்டது மெல்ல டிரம்முக்குள் இறங்கிவிட்டது. சாமுண்டி மலையிலிருந்து இறங்கும்போதுதான் அது தெரிந்தது. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சினும் அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது. எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள். பிரேக் கட்டையில் தடவினால் அதுவும் ஒட்டாது. இரண்டு செருப்பும் தேய்ந்து, சாலையோரப் புதர் ஒன்று மனமிரங்கி நிறுத்தியது.

மெக்கானிக் சங்கிலிப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். "ஏன் ஸ்வாமி, ஒக்கரணெ ஹாக்கிதீரா?" தாளித்துக் கொட்டினீர்களா என்று கேட்கிறான். கடுகு, கறிவேப்பிலை மட்டும்தான் குறை. மாமா பதில் பேசாமல் மண்ணெண்ணெய்க்கும் கிரீஸுக்கும் கூலிக்கும் காசை எண்ணிக் கொடுத்தார்.

அன்றைக்கே மாமி எண்ணெய்த் தூக்குகளை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது, மாமா சைடு ஸ்டாண்டின் கீலுக்கு விரலால் எதையோ பதமாகத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம்.

"நந்தினி நெய்," என்றார். "கலப்படமே கிடையாது."